நாலு மேட்ச் துவைக்காத பேடு

– இது என் பேடே இல்லம்மா.

– உன்னோடதுதான்டி. சுத்தமா இருக்கில்ல, அதான் உனக்கு அடையாளம் தெரியல.

– என்னோடது கறுப்பு. இது நீலம்.

– கறுப்புன்னு யார் சொன்னா? அது கலர் இல்ல, அழுக்கு. நாலு தண்ணி விட்டு அலசினேன். மூணாவது தண்ணியிலதான் நீலம் லேசா எட்டிப் பார்த்துச்சு.

– அலசினியா?

– பின்ன? நேத்து சாயங்காலம் சோப்புத்தூள்ல ஒரு மணி நேரம் ஊற வெச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, அலசி, பாத்ரூம் கம்பியில மாட்டினேன். இருவத்திரண்டு வருஷமா லாண்டரி வெச்சிருக்கேன். மெக்கானிக் சட்டை, பெயிண்டர் சட்டை எல்லாம் பார்த்தாச்சு. இப்படி ஒண்ணை என் ஜென்மத்துல பார்த்ததில்ல.

– அம்மா, இன்னைக்கு ஃபைனல்.

– தெரியும்டி. அதுக்குத்தானே துவைச்சேன். அத்தனை ஜனம் பார்க்க வரும், அந்தக் கோலத்துல போய் நிப்பியா?

– பத்து மணிக்கு ஃபைனல். இப்ப மணி எட்டு இருபது. இதுலேர்ந்து இன்னும் தண்ணி சொட்டுது.

– சொட்டுறது நின்னுடும். லேசா ஈரம் இருந்தா என்ன, காலுக்குக் குளிர்ச்சிதானே.

– உள்ள ஸ்பாஞ்சு இருக்கும்மா! ஐயோ சாமி, இப்ப நான் என்ன பண்ணுவேன்! யாரும் எதையும் துவைக்கக் கூடாதுன்னு டீமே சத்தியம் பண்ணியிருக்கோம். முதல் மேட்ச் ஜெயிச்சதுலேர்ந்து ஒரு சாக்ஸ்கூட தண்ணியப் பார்க்கல. நாலு மேட்ச், நாலுலயும் ஜெயிச்சோம்!

– அதான் சாப்பாட்டு ஹாலுக்குள்ள நீங்க பதினாறு பேரும் நுழைஞ்சா ஈகூட வெளியில போயிடுது.

– நீ டீம் மேனேஜர்! உனக்கு இது தெரிய வேண்டாமா?

– மேனேஜர்னா என்னன்னு எனக்கு யாருடி சொன்னா? பொண்ணுங்க ஹாக்கி டீம்கூட ஒரு பொம்பள போகணும், அதுதான் ரூல், வாங்கன்னாங்க. கடையைப் பூட்டிட்டு வந்தேன். ரயில்ல எண்ணினேன், பதினாறு பேர். தினம் காலையில எந்திரிச்சு எண்றேன், பதினாறு பேர். அதோட என் வேலை முடிஞ்சுது. மீதி நேரம் சும்மா உட்காருன்னா எனக்குக் கை பரபரங்குது.

– நெட்டை! ஒன்பதே காலுக்கு பஸ். ரெடியா? என்ன, மூஞ்சி இப்படித் தொங்குது? மேனேஜர் அம்மா, இவ சாப்பிட்டாளா? ஃபைனல் அன்னைக்கு கீப்பர் வயிறு காலியா இருக்கக் கூடாது, புரியுதா?

– கோச் சார், இதைப் பாருங்க.

– யாரோடது? புதுசா இருக்கே. நம்ம மாநிலத்துக்குப் புதுப் பேடு வாங்கிக் குடுக்கற அளவுக்கு எவனுக்கு மனசு வந்துச்சு?

– என்னோடதுதான் சார். அம்மா துவைச்சுட்டாங்க.

– என்னது?

– துவைச்சுட்டாங்க.

– இல்ல, ரெண்டாவது தடவையும் எனக்கு அதேதான் கேட்குது. கொஞ்சம் தள்ளு, நான் உட்காரணும்.

– சார், அந்த ஸ்டூல்லதான் பேடு வெச்சிருந்தேன். ஈரம்.

– உட்கார்ந்தாச்சு. இருக்கட்டும். இனிமே என்ன இருக்கு.

– ஏன் சார், ஒரு துணி துவைச்சதுக்கு ஆம்பளை இப்படி தலையில கைய வெச்சுக்கிட்டு உட்காரலாமா?

– மேனேஜர் அம்மா, நான் பன்னெண்டு வருஷம் ஆடினவன், பதினாலு வருஷமா கோச். முட்டி போச்சு, முடி போச்சு, என் சம்சாரம் என்கூடப் பேசறதை விட்டு மூணு வருஷம் ஆச்சு. இந்த மாநிலம் ஒரு தடவைகூட நேஷனல் ஃபைனலுக்கு வந்ததில்ல. இந்த வருஷம் வந்திருக்கோம். எதனால? உங்க பொண்ணு நாலு மேட்ச்ல ரெண்டே ரெண்டு கோல்தான் உள்ள விட்டா, அதனால. அந்த ராசியெல்லாம் இந்தப் பேடுலதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அது எங்க?

– பாத்ரூம் சாக்கடையில.

– அம்மா, நீ கொஞ்சம் பேசாம இரு.

– ராசி இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். அரைக் கிலோ மண்ணு இருந்துச்சு. அது மட்டும் நிச்சயம்.

– சரி, ராசியை விடு. கட்டு நெட்டை, கட்டிப் பார்ப்போம். வாரை இழு. இன்னும் இறுக்கு. எந்திரி. நட.

– சார், காலைத் தூக்க முடியல.

– தூக்காத, தேய்ச்சு நட. என்ன சத்தம் அது, சளக் புளக்குன்னு?

– ஸ்பாஞ்சு சார்.

– இதோ பந்து. வலது பக்கம் உருட்டறேன். காலை நீட்டித் தடு. ம்!

– வந்துச்சா சார்?

– வந்து, உன்னைத் தாண்டிப் போயி, சுவத்துல பட்டு என் கைக்கே திரும்பி வந்துடுச்சு. நீ இப்பதான் காலை எடுக்கற.

– நான் வேணும்னா இஸ்திரிப் பெட்டியை நல்லா சூடு பண்ணி...

– ஸ்பாஞ்சு உருகிடும்மா!

– உன் கேப்டன்கிட்ட முடி காய வைக்கிற மெஷின் இருக்கே?

– அவ முடி காயவே அதுல முக்கால் மணி நேரம் ஆகுது.

– இருங்க, இருங்க. வேற பேடு? நம்மகிட்ட இருக்கறது இந்த ஒரு ஜோடிதான். ரெண்டாவது கீப்பர் அம்மை போட்டு ஊர்லயே நின்னுட்டா, அவளுக்கும் இதே பேடுதான். தோத்த டீமெல்லாம் நேத்தே ரயில் ஏறியாச்சு, யார்கிட்டயும் இரவல் கேட்க முடியாது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை கிடையாது. முடிஞ்சுது.

– சார், நான் பேடு இல்லாம நிக்கறேன். ஸ்டிக்கால தடுக்கறேன்.

– நின்னா உன் கால் எலும்பை நான் பையில போட்டுத்தான் ஊருக்கு எடுத்துட்டுப் போகணும். பேசாத. ரூல்ல ஒரு வழி இருக்கு. கீப்பரே இல்லாம ஆடலாம். பதினொரு பேரும் களத்துல ஓடட்டும், கோல் தொறந்து கிடக்கட்டும். நாம ஒண்ணு வாங்கினா ரெண்டு குடுப்போம். புரியுதா?

– நான் சார்?

– நீ பெஞ்ச்ல உட்காரு. என்னை அப்படிப் பார்க்காத. எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆடறவங்க பேர் எழுதின டீம் பேப்பரை ஒன்பது மணிக்குள்ள கீழ ஆபீஸ்ல குடுத்தாகணும். கீப்பர் இடத்துல கோடு போட்டுட்டு வர்றேன்.

– கண்ணு. இங்க பாரு. சார் போயிட்டார். என்னை ரெண்டு திட்டு திட்டு. மனசுல வெச்சுக்காத.

– திட்டி என்ன ஆகப் போகுது.

– ஒரு மேட்ச் உட்கார்ந்தா என்னடி? எனக்கு என்னமோ இந்த விளையாட்டே புரியல. மத்த பத்துப் பேரும் ஓடறாங்க. உன்னை மட்டும் ஒரு மூலையில நிக்க வெச்சு எல்லாரும் சேர்ந்து அடிக்கறாங்க. நாலு மேட்சும் நான் கண்ணை மூடிக்கிட்டேதான் பார்த்தேன்.

– கேம்புக்கு ஆள் எடுக்கறவங்க இன்னைக்குத்தான் வர்றாங்கம்மா. நாட்டு டீமுக்குக் கேம்ப். ஃபைனலை மட்டும்தான் பார்ப்பாங்க. எனக்குப் பதினெட்டு ஆகப் போகுது, அடுத்த வருஷம் இந்த டீம்ல சேர்க்கவே மாட்டாங்க. போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் பெஞ்ச்ல உட்கார்ந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தேன். அப்பல்லாம் ஒண்ணும் தோணல. இன்னைக்கு உட்கார்ந்தா நான் செத்தே போயிடுவேன்.

– வாயைக் கழுவு. நல்ல நாள்ல என்ன பேச்சு இது!

– எதுக்கும்மா துவைச்ச? நிஜமாச் சொல்லு. கை பரபரன்னு வந்துச்சுங்கறதெல்லாம் வேண்டாம்.

– நேத்து மத்தியானம் நீ தட்டோட வந்து உட்கார்ந்தப்ப, பக்கத்து டேபிள் பொண்ணுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. நீ பார்க்கல. நான் பார்த்தேன். ஊர்ல இருக்கறவன் அழுக்கையெல்லாம் நான் போக்கறேன், என் பொண்ணைப் பார்த்து ஒருத்தி மூக்கைப் பொத்தறா. எனக்குச் சோறு இறங்கல.

– அது பெருமைம்மா! நாறினா ஜெயிச்சிட்டு இருக்கோம்னு அர்த்தம்!

– அதை நீ என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் ஊருக்கே ஜெயிச்சவங்கன்னு போர்டு மாட்டியிருப்பேன்.

– சிரிப்பு மூட்டாத. நான் அழுதுட்டு இருக்கேன்.

– நெட்டை! நெட்டை! பேப்பரை நான் குடுக்கல! பாதி வழியில நின்னுட்டேன். ஒரு சேதி!

– என்ன சார்?

– எதிர் டீம் ரூம் வாசல் வழியாத்தான் போனேன். கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரே கூச்சல். அவங்க கீப்பர் இருக்காளே, அந்தப் பூனைக்கண்ணு, அவ ஓன்னு அழறா. 'என் பேடு போச்சே, என் பேடு போச்சே'ன்னு. இந்தக் காதால கேட்டேன். அவங்களுக்கும் இன்னைக்குக் கீப்பர் கிடையாது! சமம் ஆயிடுச்சு! மேல ஒருத்தன் இருக்கான், புரியுதா?

– பேடு போச்சுன்னா என்ன சார்? காணாமப் போச்சா?

– எப்படிப் போனா நமக்கு என்ன?

– அம்மா, என் பேடை நீ எங்கேர்ந்து எடுத்த?

– மொட்டை மாடிக் கொடியிலேர்ந்து. நீதானே காத்தாட மாட்டி வெச்சிருந்த.

– அங்க எத்தனை ஜோடி தொங்குச்சு?

– ரெண்டு.

– ரெண்டா!

– ரெண்டும் ஒரே மாதிரி கரி மூட்டையா தொங்குச்சு. எது உன்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் மோந்து பார்த்தேன். எது ஜாஸ்தி நாறுச்சோ அதை எடுத்தேன்.

– பெத்த பொண்ணைப் பத்தி உன் நினைப்பு இதுதானா?

– அடக் கடவுளே, இருங்க. அவங்களும் துவைக்க மாட்டாங்க. அவங்க கோச்சும் நானும் ஒரே வாத்தியார்கிட்ட பழகினவங்க. ஜெயிக்கற வரைக்கும் தண்ணியில போடாதேன்னு சொல்லிக் குடுத்ததே அந்த ஆளுதான். நெட்டை, உன் பேடுல ஏதாவது அடையாளம் இருக்கா?

– உள்பக்கம் கோடு போட்டிருக்கேன் சார். நான் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கோடு. பிராக்டீஸ் மேட்ச்சும் சேர்த்து மூணு வருஷத்துக் கோடு. இதுல ஒண்ணுமே இல்ல. துவைச்சதுல போயிடுச்சுன்னு நினைச்சேன்.

– எதுலடி கோடு போட்ட?

– தடியா எழுதுமே, மார்க்கர் பேனா.

– மார்க்கரா? நான் வெறும் சோப்புத்தூள்தான் போட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க சட்டையில மார்க்கர் மை பட்டு எத்தனை தடவை என் கடைக்கு வந்திருக்கு! நீ ஆத்தையே திருப்பி விட்டாலும் அது போகாது. கோடு இல்லன்னா, அது துவைச்சதுல போகல. அந்தப் பேடுல கோடே இருந்ததில்ல.

– அப்ப இது பூனைக்கண்ணோட பேடு.

– நம்மளுது?

– மாடியிலதான் சார் இருக்கணும்!

– காஞ்சு!

– துவைக்காம சார்!

– துவைக்காம! ஐயோ, என் கண்ணு, நாறிக்கிட்டே! நாலு மேட்ச் ராசியும் ஒரு பொட்டு சிந்தாம! அவங்க ராசியை நம்ம மேனேஜர் அம்மா சாக்கடையில கரைச்சு விட்டுட்டாங்க! அம்மா, உங்க கையைக் குடுங்க. பதினாலு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு மேனேஜர் கிடைச்சதில்ல.

– சார், அந்தப் பொண்ணு அழுதுட்டு இருக்குன்னு சொன்னீங்களே.

– அழட்டும், சின்னப் பொண்ணு, அழுதா தைரியம் வரும். நீங்க மாடிக்குப் போயி நம்ம பேடை எடுத்துட்டு வாங்க. வழியில யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க, புரியுதா?

– புரியுது சார். நான் எதுக்குப் பேசப் போறேன்.

– ஓடுங்க. நெட்டை, நீ அந்த ஈரப் பேடைக் கழட்டு. என்ன, அப்படியே நிக்கற? சிரி. நீ ஆடற!

– சார், அவங்க ஆட மாட்டாங்களே.

– அதுதானே சொகுசு. எதிர்ல கோல் தொறந்து கிடக்கும். நம்ம பொண்ணுங்க கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சாலும் உள்ள போகும். கப்பை இப்பவே துணியில சுத்தி வெச்சுடலாம்.

– துவைச்சது எங்கம்மா.

– தெரியாமத்தானே செஞ்சாங்க.

– இப்பத் தெரிஞ்சுபோச்சே சார்.

– நெட்டை, வேண்டாம். இந்த நேரத்துல எனக்கு நீ நல்ல பொண்ணா இருக்கக் கூடாது. நல்ல கீப்பரா இரு போதும். ஒண்ணு சொல்லட்டா? கேம்ப்ல ஒரே ஒரு கீப்பருக்குத்தான் இடம். நீ, இல்லன்னா அவ. அவ பெஞ்ச்ல இருந்தா அந்த இடம் உன்னுது. வேற யாரும் போட்டிக்கு இல்ல.

– எனக்கு அது தெரியும் சார். மாடியில நம்ம பேடு இருக்குன்னதும் எனக்கு முதல்ல தோணினதே அதுதான். அப்படித் தோணினதுதான் எனக்குப் பிடிக்கல.

– ஏம்மா?

– இந்த அரை மணி நேரம் நான் என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க பேப்பர்ல கோடு போடப் போனீங்க, எனக்கு மூச்சே வரல. அதே மாதிரி அங்க ஒருத்தி உட்கார்ந்திருக்கா, நம்மாலதான். நான் எப்படி சார் கோல்ல போய் நிப்பேன்? வர்ற பந்தைப் பார்ப்பேனா, அவ மூஞ்சியைப் பார்ப்பேனா?

– அதுக்கு என்ன பண்ணணுங்கற? இருக்கறது ஒரு ஜோடி காஞ்ச பேடு. நீ ஒரு கோடியில நிக்கணும், அவ இன்னொரு கோடியில நிக்கணும். ஆளுக்கு ஒரு காலா மாட்டிக்குவீங்க?

– முதல் பாதி அவ போட்டுக்கட்டும். ரெண்டாவது பாதி நான்.

– என்னது! உலகத்துல எவளாவது எதிர் டீமுக்குப் பேடு கழட்டிக் குடுத்திருக்காளா?

– பாதி நேரம் அவங்க கோல் காலி, பாதி நேரம் நம்ம கோல் காலி. சமம்தானே சார்.

– சரி, பைத்தியக்காரத்தனத்துலயும் ஒரு நியாயம் வேண்டாமா? முதல் பாதி நீ போடு. கேம்ப் ஆளுங்க முதல் பாதியைத்தான் ஒழுங்காப் பார்ப்பாங்க. அப்புறம் டீ குடிக்கப் போனாங்கன்னா திரும்பி வர்றது அவங்க இஷ்டம்.

– அதனாலதான் முதல் பாதி அவளுக்கு. துவைச்சது நாங்க.

– நீ உங்கம்மா பொண்ணுதான்டி. அவங்க சட்டையில கறையை விட மாட்டாங்க, நீ மனசுல விட மாட்டேங்கற.

– திட்டறீங்களா சார்?

– தெரியல. காலேஜ் ஃபைனல்ல எதிர் கீப்பர் கண்ணுல மண்ணு விழுந்து, அவன் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு நின்னான். நான் பார்த்தேன். பார்த்துட்டே அடிச்சேன். ஜெயிச்சோம், தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்தக் கப்பை நான் அலமாரிக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். யாராவது கேட்டா மட்டும் எடுத்துக் காட்டுவேன். எடு பேப்பரை.

– சார்!

– அழாத, நான் மனசு மாறிடுவேன். கீப்பர் இடத்துல உன் பேரை எழுதறேன், பக்கத்துல ரெண்டாவது பாதின்னு போடறேன். நாளைக்கு ஹாக்கி சங்கத்துல என்னைக் கட்டி வெச்சு உதைக்கப் போறாங்க. எங்க உங்கம்மா? பேடு எடுக்கப் போய் இருபது நிமிஷம் ஆச்சு.

– வந்துட்டேன், வந்துட்டேன். படி ஏறி இறங்கி மூச்சு வாங்குது. பேப்பர்ல எழுதாதீங்க சார். மேட்ச் இன்னைக்கு இல்ல.

– என்னது?

– நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. நானும் அவங்க மேனேஜர் அம்மாவும் ஆபீசுக்குப் போனோம். ரெண்டு மேனேஜரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ஒரு நாள் தள்ளி வைக்கலாமாம், ரூல்ல இருக்காம். கேம்ப் ஆளுங்களும் நாளைக்கு இருப்பாங்களாம், கேட்டுட்டேன். எனக்கும் எண்றதைத் தவிர ஒரு வேலை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

– வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேனே!

– திறக்கக் கூடாதுன்னுதான் போனேன். அந்தப் பொண்ணு அழற சத்தம் கேட்டுச்சு, கால் நின்னுடுச்சு. கதவைத் தட்டி, நான்தான் துவைச்சேன்னு சொல்லிட்டேன்.

– நல்லா செஞ்சம்மா. நானும் அதைத்தான் சார்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். திட்டினாங்களா?

– திட்டுவாங்கன்னுதான் நினைச்சேன். அந்த மேனேஜர் அம்மா என்னைப் பார்த்து முழிச்சாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

– சிரிக்க மாட்டாங்களா? அவங்களுக்கு ஒரு நாள் கிடைச்சுது. அவங்க தள்ளி வைக்கக் கேட்டா அதுல அர்த்தம் இருக்கு. நாம எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்? நம்ம பேடுதான் காஞ்சு தயாரா இருக்கே!

– அம்மா, வெறுங்கையோட வந்திருக்க. என் பேடு எங்க?

– அந்த மேனேஜரும் ஒரு கீப்பரைப் பெத்தவங்கதானேடி. நேத்து நான் வாளியோட மாடியிலேர்ந்து இறங்கினதும், அவங்க வாளியோட ஏறி, மிச்சம் தொங்கின ஜோடியைத் தன் பொண்ணோடதுன்னு எடுத்துத் துவைச்சுட்டாங்க.